சத்தம் போடாத ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர்: குறைந்த பட்ஜெட்டில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

டிவிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டரை வைத்தால், இரவில் முதலில் காதில் விழுவது படத்தின் வசனமாக இருக்காது. ஃபேன் சத்தமாகத்தான் இருக்கும். பகலில் அது தெரியாது. மிக்ஸி, குக்கர், தெருவில் ஹாரன் என எல்லாம் சேர்ந்து அதை மூடிவிடும். இரவு பத்தரைக்கு மேல், குழந்தைகள் தூங்கிய பிறகு, படத்தில் இருவர் மெதுவாகப் பேசும் காட்சி வரும். அப்போது அந்த "உர்ர்ர்" தெளிவாகக் கேட்கும். வசனம் புரியவில்லை என்று வால்யூமைக் கூட்டுவீர்கள். அடுத்த காட்சியில் குண்டு வெடிக்கும். வீடே எழுந்துவிடும்.

அமைதியான கம்ப்யூட்டர் என்பது ஆடம்பரம் இல்லை என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும். பின்னணிச் சத்தம் குறைந்தால் குறைந்த வால்யூமிலேயே வசனம் புரியும். காது கொஞ்சம் மந்தமான பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

இதை விலை உயர்ந்த "சைலன்ட்" ஃபேன்களை வாங்கித்தான் சாதிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஃபேன் சுற்றுவது வெப்பத்தை வெளியேற்றத்தான். வெப்பமே உருவாகாவிட்டால் ஃபேனுக்கு வேலை இல்லை. பட்ஜெட் குறைவு என்றால் பணத்தைச் சத்தத்தை அடக்குவதில் போடாதீர்கள். வெப்பத்தைக் குறைக்கும் சிப்பில் போடுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கணக்குதான்.

உங்களுக்கு இது தேவைதானா?

நீங்கள் பார்ப்பது ஓடிடி மட்டும்தான் என்றால், தேவையில்லை. டிவியில் இருக்கும் செயலியோ, டிவியில் செருகும் ஒரு ஸ்டிக்கோ போதும். அதில் ஃபேனே கிடையாது.

ஓடிடி விஷயத்தில் கம்ப்யூட்டர் பின்தங்கியே இருக்கிறது. காரணம், திருட்டுப் பிரதியைத் தடுக்கும் பூட்டு. வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. உரிமம் பெற்ற டிவிகளும் ஸ்டிக்குகளும் பொதுவாக எல்1. லினக்ஸ் பிரவுசர்கள் எல்3. எல்3 கருவிக்கு 4கே தரம் வராது. சில சேவைகள் 720-லேயே, ஏன் அதற்கும் கீழேயே நிறுத்திவிடும். விண்டோஸில் நெட்ஃப்ளிக்ஸ் 4கே பார்க்க எட்ஜ் பிரவுசரோ அதன் செயலியோ வேண்டும், ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் சிப் போன்ற ஹார்டுவேர் வேண்டும், டிவி வரை எச்டிசிபி 2.2 வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் தரம் தானாக இறங்கிவிடும். ஏன் என்று திரையில் எழுதிக் காட்டாது. காசு கட்டிய சந்தாவுக்கு மங்கலான படம் கிடைப்பது எரிச்சலான விஷயம்.

அப்படின்னா யாருக்கு இது வேண்டும்? சொந்தமாகக் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு. அலமாரியில் தூங்கும் டிவிடிகள், கல்யாண வீடியோ, பத்து வருட போட்டோக்கள், விளம்பரத் தடுப்பானோடு யூடியூப், பெரிய திரையில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். அதைத் தாண்டிய பழைய படங்களைத் தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. இவர்களுக்கு ஸ்டிக் போதாது.

டெசிபல் கணக்கு: எங்கே காசு போட வேண்டும்?

சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம். இது சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை, மடக்கைக் கணக்கு. 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு ஃபேன்களைச் சேர்த்தால் 3 டெசிபல்தான் கூடும்.

இதிலிருந்து வாங்குபவருக்கு உபயோகமான ஒரு விஷயம் கிடைக்கிறது. உங்கள் பெட்டியில் 30 டெசிபல் ஃபேன் ஒன்றும் 20 டெசிபல் ஃபேன் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து 50 இல்லை, 30.4. அந்த 20 டெசிபல் ஃபேனைக் கழற்றி எறிந்தாலும் 30.4 என்பது 30 ஆகும், அவ்வளவுதான். காது அதைக் கவனிக்கவே கவனிக்காது. ஆக, பெட்டியில் அதிகம் கத்தும் பாகம் எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றினால் போதும். ஐந்து ஃபேனையும் மாற்றச் சொல்லும் கடைக்காரரின் பட்டியலைப் பார்த்ததும் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கணக்கு வேகம் பற்றியது. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவும் பாதியாகும். ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராய விதி. பாதிக் காற்றை இழந்து, பாதிக்கும் மேலான சத்தத்திலிருந்து விடுதலை. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றுவது, சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றுவதைவிட எப்போதும் நல்லது என்று சொல்வது இதனால்தான். 120 மில்லிமீட்டர் ஃபேன் 700 ஆர்.பி.எம் வேகத்தில் சுற்றினால் சோபாவில் இருந்து கேட்பது கஷ்டம். அதே காற்றைத் தள்ள 40 மில்லிமீட்டர் ஃபேன் பல ஆயிரம் ஆர்.பி.எம் போக வேண்டும்; கொசு மாதிரி கீச்சிடும்.

சின்னப் பெட்டி என்றாலே அமைதி என்பது தவறான எண்ணம். சின்னப் பெட்டி அமைதியாக இருப்பது உள்ளே இருக்கும் சிப் சூடாகாதபோது மட்டும்தான்.

எவ்வளவு அமைதி போதும்? நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு 10 முதல் காலை 6 மணி வரை வைத்திருக்கும் வரம்பு 45 டெசிபல். அது வெளிப்புறக் கணக்கு. ஜன்னலை மூடிய அறை அதைவிட அமைதி. ஆனால் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் ஓடும். வருடத்தில் எட்டு மாதம் சீலிங் ஃபேன் ஓடும் வீட்டில், கேட்கவே கேட்காத கம்ப்யூட்டருக்காகக் கூடுதலாகப் பத்தாயிரம் செலவழிப்பது வீண். கம்ப்யூட்டர் சத்தம் சீலிங் ஃபேனுக்குக் கீழே மறைந்தால் போதும். குளிர்காலம் உள்ள வட இந்திய ஊர்களிலும், ஏசி போட்டு ஃபேனை நிறுத்தும் வீடுகளிலும்தான் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு தேவை.

38 டிகிரி அறையில் ஐரோப்பிய ரிவ்யூ செல்லாது

ஃபேனே இல்லாத கணினிகளைப் பற்றி யூடியூபில் நிறைய ரிவ்யூக்கள் இருக்கின்றன. "75 டிகிரியைத் தாண்டவில்லை, அருமை" என்பார்கள். அவர் அறை எத்தனை டிகிரி என்று பாருங்கள். பெரும்பாலும் 21, 22.

ஹீட்சிங்க் வேலை செய்வது அறை வெப்பத்துக்கு மேலே இத்தனை டிகிரி என்ற கணக்கில். 22 டிகிரி அறையில் 75 என்றால், அறைக்கு மேலே 53. அதே பெட்டி மே மாதத்தில் நாக்பூரிலோ விஜயவாடாவிலோ 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 91-க்குப் போகும். கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள் வைத்தால், அந்த அலமாரிக்குள் காற்றே 45 டிகிரி இருக்கலாம். அப்போது 98. இன்டெல் சிப்புகள் சுமார் 100 டிகிரியில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கித் திணறும்.

அதனால் முழுக்க ஃபேன் இல்லாத பெட்டியை நான் பொதுவாகப் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலும் தூங்கிக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் மெதுவாக எழும் ஒரு ஃபேன் நம் தட்பவெப்பத்துக்குப் பொருத்தம். விலையும் குறைவு.

சிப் வாங்கும் முன்: எந்தத் தலைமுறை எதை இயக்கும்?

ஒரு வீடியோவைக் கம்ப்யூட்டர் இரண்டு விதமாக ஓட்டலாம். சிப்புக்குள் அதற்கென்றே இருக்கும் தனிப் பகுதி ஓட்டினால் அது ஹார்டுவேர் டிகோடிங். சிப் ஐந்து பத்து சதவீதம்கூட உழைக்காது. அந்தப் பகுதிக்கு அந்த வீடியோ வகை தெரியாவிட்டால், பிராசஸரே தலையால் தண்ணீர் குடித்து ஓட்ட வேண்டும். 4கே என்றால் 100 சதவீதம் போகும். ஃபேன் அலறும். ஒரே படம், ஒரே பெட்டி. கோப்பின் வகை மாறினால் சத்தம் மாறுகிறது.

இன்று வீட்டுக்குள் வரும் வீடியோ வகைகள் முக்கியமாக நான்கு. எச்.264 பழையது, எதுவும் ஓட்டும். ஹெச்இவிசி என்கிற எச்.265, 4கே கோப்புகளிலும் இப்போதைய போன் கேமராக்களிலும் வருவது. விபி9, யூடியூப் பயன்படுத்துவது. ஏவி1, அதற்கடுத்த புதியது; யூடியூபும் இப்போது தருகிறது.

இன்டெல் ஆறாம் தலைமுறை (2015) சிப்புகளுக்கு 8 பிட் ஹெச்இவிசி மட்டும்தான் சரியாக ஓடும். ஏழாம் தலைமுறையில்தான் 10 பிட் ஹெச்இவிசியும் விபி9-ம் முழுமையாக வந்தன. எச்டிஆர் படங்கள் 10 பிட் என்பதால், ஆறுக்கும் ஏழுக்கும் இடையே உள்ள இந்த ஒரு படி ரொம்ப முக்கியம். செகண்ட் ஹேண்ட் சந்தையில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான். ஏவி1 வேண்டும் என்றால் பதினோராம் தலைமுறைக்குப் போக வேண்டும், அல்லது என்100 போன்ற புதிய சின்ன சிப்.

ஏவி1 இல்லை என்று கவலைப்பட வேண்டாம். யூடியூபில் ஏவி1 இல்லாமல் விபி9 வரச் செய்ய முடியும். அந்தத் தளத்தின் பிளேபேக் அமைப்பிலேயே அதற்கு வழி இருக்கிறது. எந்த வகை ஓடுகிறது என்று தெரிய வேண்டுமா? வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் பெட்டி: இப்போது நல்ல நேரம்

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பக்கம் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இதனால் ஏழாம் தலைமுறை ஆபீஸ் கம்ப்யூட்டர்களை நிறுவனங்கள் கழித்துக்கட்ட வேண்டிய கட்டாயம். அவை வந்து சேரும் இடம் டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், அப்புறம் ஆன்லைன் ரீஃபர்பிஷ்டு கடைகள்.

நீங்கள் தேட வேண்டியது புத்தக அளவில் இருக்கும் சின்னப் பெட்டிகளை. டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி டெஸ்க்டாப் மினி என்ற பெயர்களில் கிடைக்கும். பிராசஸர் பெயரின் கடைசியில் "டி" இருக்கிறதா என்று பாருங்கள். ஐ5-7500 என்பது 65 வாட் சிப். ஐ5-7500டி 35 வாட். அந்த ஒரு எழுத்துதான் ஃபேன் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. ஐ7 வேண்டாம், ஐ5-ம் ஐ3-ம் போதும். வீடியோ பகுதி ஒரே தலைமுறையில் பெரும்பாலும் ஒன்றுதான். படம் பார்க்க ஐ7-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

ரேம் ஏற்கனவே போட்டதாக வாங்குங்கள். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை உலகம் முழுக்கத் தாறுமாறாக ஏறியது. வெறும் பெட்டியை மலிவாக வாங்கி ரேம் தனியாகப் போடலாம் என்ற பழைய சிக்கன வழி இப்போது உதவாது. 8 ஜிபி போதும்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில. ஒரு பென் டிரைவில் 4கே ஹெச்இவிசி 10 பிட் கோப்பு ஒன்றைக் கொண்டுபோய் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பகுதியில் "வீடியோ டிகோட்" கோடு மேலே எழ வேண்டும், சிபியு கோடு கீழேயே படுத்திருக்க வேண்டும். பயாஸில் பாஸ்வேர்டு இருக்கிறதா பாருங்கள். கம்பெனி போட்ட பாஸ்வேர்டை எடுக்காமலே விற்பது சகஜம். அடாப்டர் அதே பிராண்டின் ஒரிஜினலா என்றும் கேளுங்கள். சில பிராண்டுப் பெட்டிகள் வேறு அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசியாகக் காதை வையுங்கள். "கர கர" என்றால் ஃபேன் பேரிங் போய்விட்டது. ஃபேன் மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு பெட்டி.

இன்னொரு கண்ணி, எச்டிஎம்ஐ. அந்தக் கால இன்டெல் போர்டுகளில் நேரடி எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4. அதில் 4கே நொடிக்கு 30 ஃபிரேம்தான். பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் "ஆக்டிவ்" அடாப்டர் ஒன்று வாங்குங்கள். 60 ஃபிரேம் வரும். உங்கள் டிவி ஃபுல் எச்டி என்றால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவையில்லை.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் திறந்து தூசியை ஊதி, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது பூசுங்கள். ஒரு சின்ன டியூப் போதும். வருடக்கணக்கில் ஆபீஸில் ஓடிய பெட்டியில் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகியிருக்கும். இந்தப் பட்டியலில் போட்ட காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால்

இன்டெல் என்100 போட்ட மினி பிசி. 2023 ஜனவரியில் வந்த சிப். நான்கு கோர், 6 வாட் டிடிபி, ஹெச்இவிசி, விபி9, ஏவி1 மூன்றும் ஹார்டுவேரில் ஓடும். கேம் விளையாட முடியாது, படம் பார்க்க இதைவிட அதிகம் தேவையும் இல்லை. பிரச்சினை சிப்பில் இல்லை, அதைப் பெட்டியில் போடும் பெயர் தெரியாத நிறுவனங்களிடம் இருக்கிறது. மலிவான மாடல்களில் ஃபேன் மட்டமாக இருக்கும், வாரண்டி எங்கே என்று தேட வேண்டும். இந்தியாவில் சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

ராஸ்பெர்ரி பை 5 பற்றியும் கேட்பீர்கள். 4கே ஹெச்இவிசி ஓட்டும். ஏவி1, விபி9-க்கு ஹார்டுவேர் உதவி கிடையாது. போர்டு, அடாப்டர், கேஸ், கார்டு, கூலர் என்று சேர்த்தால் செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். டிவி ரிமோட்டிலேயே இயக்க முடியும் என்பது அதன் பெரிய வசதி. சாதாரண பிசிக்கு அது கிடையாது.

வீட்டில் ஏற்கனவே பழைய டவர் இருக்கிறதா?

அசெம்பிள் செய்த பழைய கேபினட் ஒன்று மூலையில் கிடந்தால், அதை முதலில் முயன்று பாருங்கள். பெரிய கேபினட் அமைதிக்கு எதிரி இல்லை. காற்று போக இடம் இருக்கிறது. டிவிக்குப் பக்கத்தில் அசிங்கமாக இருக்கும், அது வேறு பிரச்சினை.

முதலில் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றுங்கள், போர்டிலேயே டிஸ்ப்ளே இருந்தால். பழைய கார்டுகள் சும்மா இருக்கும்போதே சூடாகும், அவற்றின் சின்ன ஃபேன்தான் பெரும்பாலும் வீட்டிலேயே அதிகம் கத்தும் பொருள். போர்டில் இருக்கும் டிஸ்ப்ளே ரொம்பப் பழசு என்றால், "ஃபேன் இல்லாத கார்டு" என்று கடையில் ஜிடி 710, ஜிடி 730 எடுத்துக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். சத்தம் போடாது, உண்மை. ஆனால் அவற்றால் ஹெச்இவிசியை ஹார்டுவேரில் ஓட்ட முடியாது. வேலை முழுக்க பிராசஸர் தலையில் விழும், பிராசஸர் ஃபேன் அலறும். அதே வரிசையில் ஜிடி 1030-தான் 10 பிட் ஹெச்இவிசியும் விபி9-ம் ஓட்டும். ஃபேன் இல்லாத வகையிலும் அது உண்டு.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோடு இலவசமாக வந்தது என்றால் அதில் 80 மில்லிமீட்டர் ஃபேன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும். 120 மில்லிமீட்டர் ஃபேனும் 80 பிளஸ் சான்றும் உள்ள 450 வாட் எஸ்.எம்.பி.எஸ் போட்டால், 50 வாட் சுமையில் அது மூச்சே விடாது. பழையதைத் திறந்து உள்ளே ஃபேன் மாற்ற மட்டும் முயலாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

பிறகு பயாஸில் "ஸ்மார்ட் ஃபேன்" அமைப்பு. நான்கு பின் உள்ள ஃபேனுக்கு பிடபிள்யூஎம், மூன்று பின் உள்ளதற்கு டிசி. நிறையப் பெட்டிகளில் இது தவறாக இருப்பதால்தான் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. செலவு பூஜ்யம். இன்னொரு இலவச வழி, விண்டோஸ் பவர் அமைப்பில் "மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்" என்பதை 99 சதவீதமாக்குவது. இன்டெல் சிப்பின் டர்போ நின்றுவிடும். படம் பார்ப்பதில் வித்தியாசம் தெரியாது. திடீர் திடீரென ஃபேன் சீறுவது நின்றுவிடும். ஒரே சீரான மெல்லிய சத்தத்தைக் காது மறந்துவிடும். ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். 60 வாட் இழுக்கும் டவரை நாளுக்கு 4 மணி நேரம் ஓட்டினால் மாதம் 7.2 யூனிட். 10 வாட் மினி பிசி 1.2 யூனிட். வித்தியாசம் 6 யூனிட்தான். இதற்காகப் புதுப் பெட்டி வாங்கினால் போட்ட காசு திரும்ப வர வருடக்கணக்காகும். ஆனால் அணைக்காமல் 24 மணி நேரமும் விட்டால் டவர் 43 யூனிட், மினி பிசி 7 யூனிட். அப்போது கணக்கு மாறுகிறது, சில மாநிலங்களில் ஸ்லாபும் மாறும்.

ஹார்டு டிஸ்க் எங்கே இருக்க வேண்டும்?

ஹாலில் இருக்கக் கூடாது. 7200 ஆர்.பி.எம் டிஸ்க் நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது, அதனால் 120 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எழும். டிஸ்க் மட்டும் என்றால் பெரிதாகக் கேட்காது. தகரக் கேபினட்டில் திருகி, அதைப் பலகையால் செய்த டிவி யூனிட் மேல் வைத்தால், பலகை வீணைக் குடம் மாதிரி அதைப் பெருக்கிக் கொடுக்கும். கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள். படங்கள் இருக்கும் பெரிய டிஸ்க்கை ரவுட்டர் இருக்கும் இடத்துக்கு, முடிந்தால் வேறு அறைக்கு மாற்றுங்கள். யுஎஸ்பி உள்ள ரவுட்டர் பலவற்றில் டிஸ்க்கை நேரடியாகச் செருகிப் பகிரலாம். முடியாவிட்டால் 2.5 அங்குல போர்ட்டபிள் டிஸ்க்கை ஒரு பழைய மவுஸ் பேட் மேல் வையுங்கள். மவுஸ் பேட் வைத்தியத்துக்குச் சிரிக்காதீர்கள், வேலை செய்யும்.

ஃபேன் இல்லாமலும் ஒரு "ம்ம்ம்" கேட்கிறதா?

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் ஸ்பீக்கரில் ரீங்காரம் இருந்தால் அது பெரும்பாலும் எர்த் விவகாரம். கேபிள் டிவி வயர் ஒரு பக்கம், கம்ப்யூட்டரின் மூன்று பின் பிளக் இன்னொரு பக்கம், நடுவில் ஸ்பீக்கரின் சாதாரண ஆடியோ வயர் என்று ஒரு வளையம் உருவாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் பாடுகிறது. கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் அதுதான் குற்றவாளி. ஆப்டிகல் வயர் மூலம் ஸ்பீக்கரை இணைத்தால் வளையம் அறுந்துவிடும். அதில் செல்வது மின்சாரம் இல்லை, ஒளி. எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லும் எலெக்ட்ரீஷியன் பேச்சைக் கேட்கவே வேண்டாம். ஷாக் அடித்தால் காப்பாற்றுவது அந்தப் பின்தான்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் என்றால், இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். சீலிங் ஃபேனும் சேர்ந்தே முனகும். அதற்குக் கம்ப்யூட்டரில் வைத்தியம் இல்லை.

மென்பொருளும் கல்யாண டிவிடியும்

எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பெட்டிக்கு லிப்ரெலெக் போடலாம். இலவசம். ஆன் செய்தால் நேராக "கோடி" திறக்கும் சின்ன லினக்ஸ் அது. (பணக் கோடி இல்லை, 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்று இருந்த மீடியா பிளேயரின் இப்போதைய பெயர்.) ரிமோட்டுக்கு கோர் என்ற இலவச செயலியைப் போனில் போட்டுக்கொள்ளலாம். பெரியவர்கள் வீட்டில் இருந்தால் யுஎஸ்பி டாங்கிள் உள்ள ஒரு ஏர் மவுஸ் வாங்கிவிடுங்கள். போனைத் திறந்து செயலியைத் தேடும் பொறுமை அவர்களுக்கு இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை.

கோடியில் மாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, "அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்". சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். 60 ஹெர்ட்ஸ் டிவியில் அது சமமாக வகுபடாது; கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் படம் தட்டுத் தட்டாக நகரும். இதை ஆன் செய்தால் டிவி படத்துக்கேற்ப மாறிக்கொள்ளும். இரண்டு, ஆடியோவில் ஸ்டீரியோ என்று சரியாகச் சொல்வது. உங்களிடம் இரண்டு ஸ்பீக்கர் இருக்க, 5.1 என்று அமைத்துவிட்டால் நடு ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய வசனம் காணாமலே போய்விடும். "பாட்டு கேக்குது, பேசறது கேக்கல" என்ற புகாருக்கு நிறைய வீடுகளில் இதுதான் காரணம்.

கல்யாண டிவிடிக்கு வருவோம். டிவிடி ரைட்டரில் எழுதிய டிஸ்க்குகள் கடையில் வாங்கும் பட டிஸ்க்குகள் போல நீடிக்காது. உள்ளே இருப்பது சாயப் பூச்சு. வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும். யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கியாவது, "வீடியோ_டிஎஸ்" என்ற ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யுங்கள். கோடி அதை நேரடியாக ஓட்டும். நம் ஊர் கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் 25 ஃபிரேமில், ஒன்றுவிட்டு ஒன்று கோடாகப் பதிவானவை. ஆட்கள் நகரும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். படம் ஓடும்போதே வீடியோ அமைப்பில் "டீஇன்டர்லேஸ்" என்பதை ஆன் செய்யுங்கள், கோடு மறையும். பாதியில் டிஸ்க் படிக்காமல் நின்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று படிப்பது உண்டு. காப்பி ஆனதும் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு நகல் போட்டு உடன்பிறந்தவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.